‘ஓரி’ (ஒரிஜினல்) என்று விற்கப்பட்ட போலி பிஎஸ்4 கன்ட்ரோலர்: பினாங்கில் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய கேம்களை எமுலேட்டரில் (பழைய கேம் கருவியைப்போல் நடிக்கும் மென்பொருள்) விளையாட ஜார்ஜ் டவுனில் வயர்லெஸ் கன்ட்ரோலர் தேடுகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயர் இங்கே வேண்டாம். வாங்கிய சாமான்: டுவல்ஷாக் 4 (சோனி பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலர்) இரண்டு, ஒன்று 139 ரிங்கிட். கூடவே யூஎஸ்பியில் செருகும் புளூடூத் டொங்கிள், 25 ரிங்கிட். மொத்தம் 303. “ஓரிதான் லா அண்ணே, பாருங்க, சீல்கூடப் பிரிக்கல” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றுமே போலி.

பெட்டியையும் மேல்தோற்றத்தையும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 2016-இல் வந்த இரண்டாம் தலைமுறை டுவல்ஷாக் 4-இன் அடையாளமாக எல்லோரும் சொல்வது டச்பேடின் மேல்விளிம்பில் தெரியும் மெல்லிய ஒளிக்கோடு. போலியிலும் அந்தக் கோடு இருக்கிறது. பின்பக்கம் சியூஎச்-இசட்சிடி2 என்ற மாடல் எண்ணும் அச்சாகியிருக்கிறது. கணினியில் செருகினால் 054சி, 09சிசி என்று அசலின் அடையாள எண்களையே காட்டுகிறது. ஆகவே “விண்டோஸ் சோனி என்றுதான் காட்டுது” என்பது எதற்கும் சாட்சியில்லை. அந்த எண்களை எந்தச் சிப்பிலும் எழுதிவிடலாம். சமையல் தராசு கொஞ்சம் உதவியது. அசல் சுமார் 210 கிராம். இவை இரண்டும் 180-ஐத் தொடவில்லை.

உண்மை வெளிவந்தது திரையில். டி-பேடின் (சிலுவை வடிவத் திசைப் பட்டன்) வலது பக்கத்தை மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, விரலை லேசாக மேலும் கீழும் உருட்டினால், அசலில் ‘வலது’ அப்படியே நிற்கும். நன்றாகச் சாய்த்தால்தான் மூலைத் திசை விழும். இதில் தொட்டாலே ‘வலது-மேல்’ விழுகிறது, உடனே விட்டுப்போகிறது, திரும்ப விழுகிறது. காரணம் உள்ளே இருக்கிறது. நல்ல டி-பேடின் நடுவில் ஒரு தாங்குமுனை இருக்கும். ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் தானாக உயரும். மலிவானவற்றில் அந்த முனை குட்டையாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பிளாஸ்டிக் சிலுவை மொத்தமாக அமுங்கி, பக்கத்து ரப்பரையும் சேர்த்து மிதித்துவிடும். டெட்ரிஸில் கட்டையை ஓரத்துக்குத் தள்ளும்போது அது பொத்தென்று கீழே விழுவதும், கான்ட்ராவில் ஓடிக்கொண்டே நேராகச் சுடும்போது துப்பாக்கி மேல்நோக்கித் திரும்புவதும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஹடோக்கன் என்ற ஆற்றல் பந்துக்குப் பதில் வெறும் குத்து வருவதும் இதனால்தான். விளையாடுகிறவர் தன் விரலைக் குறை சொல்லிக்கொள்வார். குறை விரலில் இல்லை.

அனலாக் ஸ்டிக் இன்னும் மோசம். முதல் கால்வாசிச் சாய்வுக்குச் சோதனைத் திரையில் எண்ணே அசையாது, பிறகு ஒரே தாவலாகப் பாதிக்குப் போகும், விளிம்பைத் தொடுவதற்கு வெகு முன்பே நூறு சதவீதம் ஆகிவிடும். ஸ்டிக்கின் தள்ளாட்டத்தை மறைக்க நடுவில் பெரிய ‘டெட் ஸோன்’, அதாவது அசைவே பதிவாகாத பகுதி, வைத்திருக்கிறார்கள். சூப்பர் மாரியோ 64-இல் மாரியோவை மெல்ல அடியெடுத்து நடக்கவைக்கவே முடியாது. நிற்பான், இல்லையென்றால் ஓடுவான். எமுலேட்டரில் டெட் ஸோனைப் பூஜ்யம் ஆக்கினாலும் பலனில்லை, ஏனென்றால் அது கன்ட்ரோலருக்குள்ளேயே வைக்கப்பட்டது.

அடுத்தது தாமதம். இதை உணர்வை வைத்துச் சொல்லக்கூடாது, அளக்கலாம். வினாடிக்கு 240 பிரேம் ஸ்லோ-மோஷன் எடுக்கும் கைப்பேசி போதும். விரலும் திரையும் ஒரே படத்தில் தெரியும்படி வைத்து, சூப்பர் மாரியோ பிரதர்ஸில் குதிக்கும் பட்டனைப் பத்து முறை அழுத்திப் படம் பிடியுங்கள். பட்டன் அடியில் தட்டிய பிரேமிலிருந்து மாரியோ தரையை விட்டு எழும் பிரேம் வரை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு பிரேம் ஏறக்குறைய 4.2 மில்லிசெகண்ட். முதலில் கேபிளோடு, பிறகு அதே கன்ட்ரோலர், அதே டிவி, கேம் மோடில், கேபிள் இல்லாமல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வயர்லெஸ்ஸின் கணக்கு. இந்தப் போலியில் கேபிளோடு 19 பிரேம், கேபிள் இல்லாமல் 34. வித்தியாசம் 15 பிரேம், அதாவது 62 மில்லிசெகண்டுக்கு மேல். வினாடிக்கு 60 பிரேமில் ஓடும் கேமில் கேமின் ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட்தான், கிட்டத்தட்ட நாலு பிரேம் பிந்திக் குதித்தால் குழியில்தான் விழவேண்டும். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் உள்ள ரன்-அஹெட் வசதி இதைச் சரிசெய்யாது. அது கேம் தனக்குள் வைத்திருக்கும் தாமதத்தைக் குறைக்கும். காற்றில் தொலைந்த நேரத்தை மீட்டுத் தராது.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்கவேண்டும். நாங்கள் எமுலேட்டர் ஓட்டும் சிறு கணினியான ராஸ்பெரி பை 4-இல் யூஎஸ்பி 3.0 ஹார்ட்டிஸ்க் செருகியிருந்தால், அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் புகுந்து புளூடூத்தைக் கெடுக்கும். பையின் வைஃபையும் அதே அலைவரிசையில் இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எனவே டிஸ்கைக் கழற்றி, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து அளந்த எண்கள்தாம் மேலே இருப்பவை. அதே இடத்தில் பழைய அசல் கன்ட்ரோலர் ஒன்றை வைத்தபோது வித்தியாசம் 3 பிரேமைத் தாண்டவில்லை.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சோதனை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.2 பதிப்பில் டுவல்ஷாக் 4-க்குப் புது டிரைவர் வந்தது. இணைந்தவுடன் அது கன்ட்ரோலரிடம் ஜோடி விவரம், சென்ஸார் அளவீடு போன்றவற்றைக் கேட்கும். அசல் பதில் சொல்லும். போலிச் சிப்புகள் பலவற்றுக்கு அந்தக் கேள்வியே புரியாது; கெர்னல் லாக்கில் பிழை விழுந்து இணைப்பு அறுந்துபோகும். பிந்தைய கெர்னல்களில் போலிகளையும் ஏற்றுக்கொள்ள வழி செய்துவிட்டார்கள், ஆகவே வேலை செய்வதால் அசல் என்று முடிவுகட்டாதீர்கள். லாக்கைப் படியுங்கள். டொங்கிளையும் அங்கேதான் பிடித்தோம். சிஎஸ்ஆர் 8510 சிப் என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. கெர்னலோ ‘சிஎஸ்ஆர் குளோன் கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி எழுதி வைத்திருந்தது. இந்தச் சிப்பின் போலிகள் அவ்வளவு பரவியிருப்பதால் அவற்றை அடையாளம் காணும் நிரலே கெர்னலில் இருக்கிறது.

பேட்டரி: அசலில் 1000 மில்லியாம்பியர்-அவர். பின்பக்க நாலு ஸ்க்ரூவையும் கழற்றினால் தெரியும். இதிலும் 1000 என்றுதான் ஒட்டியிருந்தது. யூஎஸ்பி மீட்டர் வைத்துக் காலியிலிருந்து முழுசாக ஏற்றியபோது 410-இல் நின்றது.

திரும்பக் கொண்டுபோனபோது கிடைத்த பதில்: “உங்க ராஸ்பெரி பைதான் சரியில்ல அண்ணே, பிஎஸ்4-ல போட்டுப் பாருங்க.” அடுத்து, “ஏழு நாள் தாண்டிருச்சு.” பில்லை எடுத்துப் பார்த்தால் கையெழுத்தில் ‘பிஎஸ்4 கன்ட்ரோலர் x 2’ என்று மட்டும் இருக்கிறது. ஒரிஜினல் என்ற சொல்லும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். விலை பேசும்போது வாயால் சொன்னதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். குறைந்தது, ‘இது ஒரிஜினல்தானே?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் கேளுங்கள். ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் விளக்கு இரட்டை இரட்டையாகச் சிமிட்டும். உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இணையுங்கள். பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் பக்கம் எதையாவது திறந்து ஒரு பட்டனைத் தட்டினால் எண்கள் வரும். ஸ்டிக்கை மிக மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எண் படிப்படியாக ஏறவேண்டும். டி-பேடில் மேலே சொன்ன உருட்டல். பிறகு கைப்பேசியைக் கவுன்டரில் வைத்துவிட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, கன்ட்ரோலரை உடம்புக்குப் பின்னால் மறைத்துப் பட்டனை அழுத்துங்கள். நண்பர் திரையைப் பார்க்கட்டும். மலேசியாவில் விற்கும் வயர்லெஸ் சாதனத்துக்கு எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) லேபிள் இருக்கவேண்டும், அதையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரும் அசலிலும் அது இல்லாமல் போகலாம் என்பதால் அதை மட்டும் நம்பி முடிவு செய்யவேண்டாம்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் செகண்ட்ஹேண்டில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1537, 1697 மாடல்களில் புளூடூத் கிடையாது. 2016-இல் வந்த 1708-இலிருந்துதான் உண்டு. பேட்டரியைக் கழற்றினால் உள்ளே எண் இருக்கும். வெளியிலிருந்தே தெரியவேண்டுமானால், நடு பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முகப்போடு ஒன்றாக இருந்தால் புளூடூத் உண்டு. மேல்விளிம்புப் பட்டன்களான பம்பர்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை.

நெஸ், சூப்பர் நெஸ், மெகா டிரைவ் ஆகிய பழைய கேம் கருவிகளின் கேம்கள்தான் முக்கியம் என்றால் டுவல்ஷாக்கையே விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. அங்கே டி-பேடுதான் எல்லாம். 8பிட்டோ எஸ்என்30 புரோ போன்ற கன்ட்ரோலர்கள் அதற்கென்றே செய்தவை. அதில் ஸ்டார்ட்டோடு எக்ஸ் பிடித்து எழுப்பினால் விண்டோஸ் முறை, பி பிடித்தால் ஆண்ட்ராய்டு முறை, ஒய் பிடித்தால் ஸ்விட்ச் முறை. முறை மாறினால் பட்டன் வரிசையும் மாறும் என்பதால் ரெட்ரோஆர்க்கில் அமைப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்கவேண்டாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மேலானதல்ல. பொருள் சொன்ன விவரப்படி இருக்கவேண்டும் என்பது அதன் 34-ஆவது பிரிவு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. பில், பெட்டி, வாட்ஸ்அப் உரையாடல், தராசுப் படம், யூஎஸ்பி மீட்டர் படம், ஸ்லோ-மோஷன் காட்சி, கெர்னல் லாக் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். 303 ரிங்கிட்டுக்கான எங்கள் ‘போராங் 1’ (தீர்ப்பாயத்தின் கோரிக்கைப் படிவம்) இவற்றோடுதான் போகிறது.