தைமியாவ் மர மாதிரி: நான்கு வாரம் கோத்துப் பார்த்தபின்

பெய்ஜிங்கில் சீனப் பேரரசர்கள் தம் முன்னோருக்கு வழிபாடு நடத்திய தைமியாவ் கோயிலின் முன்மண்டபத்தை மரத்துண்டுகளால் கோத்து எழுப்பும் மாதிரித் தொகுப்பு ஒன்றை, பாரிமுனைப் பக்கத்தில் ஒரு கடையில் 3,200 ரூபாய் கொடுத்து ஐப்பசி மாதத்தில் வாங்கினேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் செய்யலாம் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டிய எனக்கு நான்கு வாரம் பிடித்தது.

முதலில் விளக்கத்தாளைச் சொல்லிவிடுகிறேன். அது இக்கட்டடத்தைக் 'கடவுளின் ஆலயம்' என்கிறது. உள்ளே நிறுத்துவதற்கென்று பொன் வண்ணம் பூசிய சிலை ஒன்றும் பெட்டியில் இருக்கிறது. தைமியாவில் அப்படி ஒரு சிலையே கிடையாது. நம் பக்கத்து ஒப்புமை தேடினால், இறந்த அரசருக்காக எழுப்பிய பள்ளிப்படைக் கோயில்கள் நினைவுக்கு வரும். சோழ அரசன் அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் மேல்பாடியில் எடுத்தது அத்தகையது. ஆனால் பள்ளிப்படை இறந்தவரின் உடலோடு தொடர்புடையது. தைமியாவிலோ உடலும் இல்லை, சாம்பலும் இல்லை. பெய்ஜிங்கில் ஆண்ட மிங் வம்சத்து அரசர்களின் கல்லறைகள் பெரும்பாலும் நகருக்கு வடக்கே மலையடிவாரத்தில் உள்ளன. இங்கே இருந்தவை முன்னோரின் பெயர் பொறித்த மரப்பலகைகள் மட்டுமே. அவை நடு மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கும். பருவந்தோறும் நடந்த படையலின்போது, உற்சவரை எழுந்தருளச் செய்வதைப் போல, முன்மண்டபத்துக்குக் கொண்டுவந்து இருக்கைகளில் அமர்த்துவார்கள். ஆகவே, மற்ற நாட்களில் இந்தப் பெரிய மண்டபம் வெறுமையாகவே இருந்தது. சிலையை நான் வைக்கவில்லை.

வரலாற்றுக்கு ஒதுக்கிய பத்தியில் 1420 என்ற ஆண்டு சரியாக இருக்கிறது. மிங் வம்சத்து யுங்லோ பேரரசர் அரண்மனை நகரத்தோடு சேர்த்தே இதையும் கட்டுவித்தார். அரண்மனைக்கு முன்னால் தெற்கு நோக்கி நின்றால் இடப்புறம் முன்னோர், வலப்புறம் மண்ணுக்கும் தானியத்துக்குமான பீடம் என்பது பழைய நகரமைப்பு விதி. 1541இல் இடி விழுந்து எரிந்ததும், 1545இல் மீண்டும் எழுப்பப்பட்டதும் தாளில் இல்லை. அதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது, 1644இல் ஆட்சியைப் பிடித்த சிங் வம்சத்தார் கோயிலை இடிக்காமல், மிங் பலகைகளை அகற்றிவிட்டுத் தம் முன்னோரின் பலகைகளை வைத்துக்கொண்டதுதான். 1950 முதல் இவ்வளாகம் உழைக்கும் மக்களின் பண்பாட்டு மாளிகை. 1998இல் நம் மும்பைக்காரர் சுபின் மேத்தா இங்கேதான் ஓர் இசை நாடகத்தை நடத்தினார். 2024இல் பெய்ஜிங்கின் மைய அச்சு, அதாவது நகரின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் கட்டட வரிசை, உலக மரபுச் சின்னமானபோது தைமியாவும் அதில் அடங்கியது. அம்முடிவு அறிவிக்கப்பட்டது புதுதில்லியில்.

இனி மரவேலை. இத்தொகுப்பை வாங்குவதற்கு இருக்கும் ஒரே காரணம் தூண் தலையில் அமரும் தாங்கிகள்தான். நம் கோயில்களில் போதிகை செய்யும் வேலையை அங்கே சின்னச் சின்ன மரக்கட்டைகள் செய்கின்றன: ஒரு கட்டையின்மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கைகள், கைகளின் நுனியில் மீண்டும் கட்டைகள், அவற்றின்மேல் இன்னும் நீண்ட கைகள் என விரிந்து, இறவாரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்குகின்றன. ஆணி இல்லாததால் நிலம் அதிரும்போது மூட்டுகள் சற்று அசைந்து கொடுக்கும். இதை எத்தனை படங்களில் பார்த்தாலும், இரண்டாம் அடுக்குக் கை முதல் அடுக்கின் வெட்டில் 'டக்'கென்று உட்காரும் அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அந்த 'டக்' எல்லா நாளும் கேட்கவில்லை. சென்னை மழையில் மரம் ஊதிவிட, கழுந்து, அதாவது துண்டின் நீட்டிய முனை, துளைக்குள் போக மறுத்தது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து ஒரு கை முறிந்தே போனது. மாற்றுத் துண்டு கேட்டுக் கடைக்குப் போனபோது, "பிரிச்ச பெட்டிக்கு ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றார் கல்லாவில் இருந்தவர். ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். மார்கழிக்குப் பிறகு தொடங்குவது நல்லது.

அகலவாக்கில், இரு தூண்களுக்கு இடைப்பட்டதை ஒரு கண் என்று கொண்டால், அசலில் பதினொரு கண், மாதிரியிலும் பதினொன்று. ஈரடுக்குக் கூரை நாற்புறமும் சரிவதும் சரியே. சீனக் கட்டடங்களில் மிக உயர்ந்த தகுதிக்குரிய கூரை அது. ஆனால் மூன்றடுக்குப் பளிங்கு மேடையை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். மண்டபத்தின் கம்பீரத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. தூண்கள் வெறும் உருளைக் குச்சிகள். அசலில் 68 தூண்கள், எல்லாம் நன்மு மரம். நம் இலவங்கப்பட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மிகப் பருத்தவை 1.2 மீட்டர் விட்டம், 13 மீட்டருக்கு மேல் உயரம். அரண்மனையின் முதன்மை மண்டபமான தைஹேயையே 1695இல் மீண்டும் கட்டியபோது பைன் மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள் என்றால், தைமியாவில் நிற்கும் தூண்களின் அருமை விளங்கும்.

2,000 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கலாம். விளக்கத்தாளில் ஒன்பதாம் படியும் பத்தாம் படியும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. பத்தை முதலில் செய்யுங்கள்.