பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டியா, ரேமா, வேறு பெட்டியா?

குமரி மாவட்டத்து வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்புகளில் நிறைய 2012, 2013, 2014-இல் வாங்கியவை. பிள்ளை இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் வாங்கியது. படித்து முடித்த பிள்ளை பெங்களூருக்கோ துபாய்க்கோ போயாச்சு, பெட்டி அப்பா அம்மாவோடு வீட்டில் நிற்கிறது. உள்ளே ஒரு ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். கரண்ட் பில் கட்ட, பேரப்பிள்ளையோடு வீடியோ காலில் பேச, பட்டா நகல் எடுத்துப் பிரின்ட் போட அந்த பிராசசர் இன்றைக்கும் போதும். ஆனாலும் ஸ்விட்சைப் போட்டால் திரை நிலைக்கு வர நெடுநேரம் ஆகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த ஹார்டு டிஸ்க்.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டிஸ்க்' 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு, 'மெமரி' (அதுதான் ரேம், ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) பாதியளவில் நின்றால் ஹார்டு டிஸ்க்கை மாற்ற வேண்டும். மெமரியும் 90-ஐத் தாண்டி நின்றால் இரண்டுமே குறை. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். அதனால் ரேம் பற்றாக்குறையும் டிஸ்க் சத்தமாகத்தான் வெளியே கேட்கும். இதைப் பார்க்காமலே "ரேம் போட்டா சரியாயிரும்" என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

ஹார்டு டிஸ்க் ஏன் இப்படி இழுக்கிறது? நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தகட்டில் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகரவும் நேரம் வேண்டும். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை விநாடிக்கு நூறு முறை எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் எழும்பும்போது கேட்பது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளை. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுற்றும் தகடே கிடையாது, எல்லாம் சிப்தான். ஒரு துண்டை எடுக்க மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும். வேக வித்தியாசம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணில் இதைத் தேடினால் கிடைக்காது.

அந்த எண்ணால்தான் பலர் குழம்புகிறார்கள். சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கின் கேபிளிலேயே மாட்டுவது) அட்டைப்பெட்டியில் விநாடிக்கு 550 எம்பி என்று இருக்கும். பக்கத்திலேயே என்விஎம்இ (இன்னும் வேகமான வகை எஸ்எஸ்டி) அட்டைப்பெட்டியில் 3,500. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கை இரண்டாவதற்குத்தான் போகும். பழைய பெட்டிக்கு அது வேண்டாம். அந்தக் காலத்து எச்61 வகை மதர்போர்டுகளில் அதைச் செருகும் எம்.2 ஸ்லாட்டே இல்லை. அடாப்டர் கார்டு வைத்துச் செருகினாலும் பழைய பயாஸ் (ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதிலிருந்து விண்டோஸை எழுப்பாது. சுற்றுவழிகள் உண்டு, ஆனால் வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் பெட்டிக்கு அந்த வித்தை ஆகாது. 2016, 2017 லேப்டாப்புகளில் எம்.2 ஸ்லாட் இருக்கலாம். ஆனால் சிலவற்றில் அது சாட்டா வகை எம்.2-வை மட்டும்தான் ஏற்கும், ஆகவே மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இன்னொரு சந்தேகமும் வரும். எச்61 போர்டில் இருப்பது பழைய, வேகம் குறைந்த சாட்டா 2, அதில் 550 எம்பி எஸ்எஸ்டியும் 280 அளவுக்குத்தான் ஓடும், அப்புறம் எதற்கு என்று. துண்டு துண்டாக எடுக்கும் வேகம் சாட்டா 2-லும் பெரிதாகக் குறையாது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறுவது, மார்த்தாண்டத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஸ்டூடியோக்காரருக்குத் தெரியும். அவர் புதிய மெஷினில் என்விஎம்இதான் போட வேண்டும்.

அளவில் 256 ஜிபி விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் போதும், 512 வாங்க முடிந்தால் நிம்மதி. பெயர் தெரியாத பிராண்டில் '2 டிபி' என்று மலிவாக ஆன்லைனில் வருபவற்றைத் தொடவே வேண்டாம். கொள்ளளவே பொய்யாக இருக்கும். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ பில்லும் வாரன்டியும் தரும் கடையில் வாங்குங்கள். மாட்டியதும் பயாஸில் 'ஏஹெச்சிஐ' முறை (டிஸ்க்கை இயக்கும் விதம்) இருக்கிறதா என்று பார்த்த பிறகே விண்டோஸ் ஏற்றச் சொல்லுங்கள்.

ரேம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 4 ஜிபியிலிருந்து 8 ஆக்குவது உருப்படியான செலவு. 8-இலிருந்து 16 ஆக்குவது வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை. உங்கள் பெட்டியில் இருப்பது டிடிஆர்3 வகை ரேம் என்றால் அடுத்த வகையான டிடிஆர்4 அதில் ஏறாது, நடுவில் உள்ள வெட்டே வேறு இடத்தில் இருக்கும். இன்டெல் நான்காம் தலைமுறை பிராசசர் உள்ள லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். 32 பிட் விண்டோஸ் ஏற்றியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலன் இல்லை. 2025 பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது, ஆகவே டாஸ்க் மேனேஜர் கேட்டால் மட்டும் வாங்குங்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் புது ரேமுக்கு முன் பழையதைக் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் அதன் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும், பெட்டி பீப் அடித்துவிட்டு நின்றுவிடும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினாலே பல பெட்டிகள் எழும்பிவிடும். அப்படியே மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும், தேதி தப்பினால் பேங்க் இணையதளம் திறக்காது. எத்தனையோ வீடுகளில் இதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். போனது வருடக்கணக்கான போட்டோக்கள்.

இடம் போதாததற்குப் புது ஹார்டு டிஸ்க் வாங்கலாமா? வேகத்துக்கு அதனால் பிரயோஜனமில்லை, இடத்துக்கு மட்டும் சரி. ஒரு ஜிபிக்கு ஆகும் விலையில் அதுதான் இன்னும் மலிவு. முதலில் பழைய 500 ஜிபியையே இரண்டாவது டிஸ்க்காக விட்டுவைக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'குட்' என்று காட்டினால் வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சள் நிறத்தில் 'காஷன்' வந்தால் அதில் உள்ளதை உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள். லேப்டாப் என்றால் டிவிடி டிரைவைக் கழற்றிய இடத்தில் ஒரு கேடி (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) வைத்து மாட்டலாம். அதில் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்து வாங்குங்கள். வெளியே செருகும் டிஸ்க் பேக்கப்புக்கு நல்லது, தினசரி வேலைக்கு வேண்டாம். எச்61 சிப்செட்டில் இருப்பது யுஎஸ்பி 2 மட்டுமே. தனிச் சிப் வைத்து நீல நிற யுஎஸ்பி 3 பொருத்தாத போர்டாக இருந்தால், 500 ஜிபி நகலெடுக்கச் சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

இனி பெரிய கேள்வி. கருங்கல் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கேட்டார்: "மக்ளே, இவ்வளவு செலவழிக்கதுக்குப் பேசாம புதுசு ஒண்ணு வாங்கிரட்டா?" நியாயமான கேள்விதான், மாமா. விண்டோஸ் 10-க்கான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்களை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்தது. பதிவு செய்த வீட்டுப் பயனர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பை மட்டும் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசரும் அதற்குப் பிந்தியதும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய பெட்டியில் எஸ்எஸ்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்தச் சுவரைத் தாண்டாது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருபவர்கள் உண்டு. பேங்க் வேலை பார்க்கிற பெட்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் மிஞ்சுவது இரண்டு வழி. எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றுவது ஒன்று. உலாவி, வீடியோ கால், பிரின்ட், தமிழ் தட்டச்சு எல்லாம் அதில் உண்டு, காசு கிடையாது. டாலி (கணக்கு எழுதுவது) போன்ற விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழி. கம்பெனிகள் பயன்படுத்திக் கழித்த, எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள ரீஃபர்பிஷ்டு பெட்டியை வாங்கலாம். புதிய மலிவு லேப்டாப்பைவிட அதையே நான் விரும்புவேன். மலிவு லேப்டாப் சிலவற்றில் ரேமை போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது.

வாத்தியாருக்கு நான் சொன்னது இதுதான்: இன்றைக்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள். அடுத்த வருடம் பெட்டியை மாற்றினாலும் அதைக் கழற்றிப் புதியதில் மாட்டிவிடலாம். டிடிஆர்3 ரேமுக்குப் போட்ட காசு பழைய பெட்டியோடு போய்விடும். ஆகவே ரேம் இரண்டாவது, அதுவும் பழைய பெட்டியை இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும். ஐ3-க்கும் முந்தைய கோர் 2 டுயோ காலத்துப் பெட்டிக்கு இரண்டுமே வேண்டாம்.

எஸ்எஸ்டி போட்டவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் கெட்டுப்போகும் முன் பல நேரம் டிக் டிக் என்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும், உள்ளே இருந்ததை மீட்பதும் கடினம். நம் மாவட்டத்தில் இரண்டு மழைக்காலமும் உண்டு. ஐப்பசி இடியில் கரண்ட் போய்ப் போய் வரும்போது எந்த டிஸ்க்குக்கும் ஆபத்துதான். 600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வையுங்கள், இடி முழங்கினால் பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். கல்யாணம், ஞானஸ்நானம், போனவர்களின் முகம் என்று திரும்ப எடுக்க முடியாத படங்களைப் பழைய ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகலும், வெளியே செருகும் டிஸ்க்கில் இன்னொரு நகலுமாக வையுங்கள். இரண்டாவது நகல் வேறு வீட்டில் இருக்கட்டும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்துக் கூரைகள் பறந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு இதற்கான காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.