ஃபைபர் எண்டோமைக்ரோஸ்கோப்: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

உடலுக்குள்ளேயே திசுவின் செல்களைப் பெரிதாக்கிக் காட்டும் இந்தக் கருவி எங்கள் எண்டோஸ்கோப்பி அறைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வாங்க நினைக்கும் டாக்டர்கள் முதலில் கேட்பது, "இனி பயாப்சி (சோதனைக்கான திசுத் துணுக்கு) எடுக்க வேண்டாமா?" என்றுதான். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த இடத்தில் எடுப்பது என்பதை இது காட்டிவிடும். உணவுக்குழாயில் பாரெட் மாற்றம் (உட்சுவர் குடலின் உட்சுவர் போல மாறுவது) உள்ளவர்களிடம் இந்த உதவி மிகப் பெரியது.

எண்டோஸ்கோப்புக்குள்ளேயே ஒரு மெல்லிய ப்ரோப் இறங்கும். அதில் சுமார் 30,000 நுண்ணிய ஃபைபர்கள். 488 நானோமீட்டர் நீல லேசர் அவற்றின் வழியே திசுவுக்குப் போக, திரும்பி வரும் ஒளி நொடிக்கு 12 படங்களாகத் திரையில் ஓடும். நரம்பில் ஃப்ளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றிய சிறிது நேரத்திலேயே திசு ஒளிரத் தொடங்கும். நடுவே கரும்புள்ளிகளாக நிற்பவை கோப்லெட் செல்கள், அதாவது குடலில் சளி சுரக்கும் செல்கள். பாரெட்டில் நாங்கள் தேடுவது அவற்றைத்தான். நுண்குழாய்களில் ரத்த அணுக்கள் ஓடுவதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குப் பரவசமாக இருக்கிறது.

பழக வேண்டியது கை. ஒரு நேரத்தில் தெரிவது கால் மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. நோயாளி மூச்சு விட்டாலே படம் வழுக்கிப் போகும். அழுத்திப் பிடித்தால் திசு நசுங்கித் தெரியும். எண்டோஸ்கோப் நுனியில் பிளாஸ்டிக் தொப்பி மாட்ட ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் படம் நிலையாக நின்றது.

ஃப்ளோரசீன் செல்லின் கருவுக்கு நிறம் ஏற்றாது. பயாப்சியைச் சோதிக்கும் பேத்தாலஜிஸ்ட் உற்றுப் பார்ப்பதோ அந்தக் கருவைத்தான். திசுவுக்குள் தெரியும் ஆழமும் சுமார் 60 மைக்ரான்தான். அதனால் திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தாலும், மனதில் சந்தேகம் இருந்தால் பயாப்சி எடுத்துவிடுவேன்.

ப்ரோப்பை மடிக்கவே கூடாது. எண்டோஸ்கோப் வளைந்திருந்தபோது அவசரமாகத் தள்ளி ஒன்றை நாங்களே கெடுத்திருக்கிறோம். ஃபைபர்கள் கூட்டமாக உடைந்த இடம் கருப்பாகத் தெரியும். கோப்லெட் செல்லோ என்று கண் ஏமாறும். படம் நகர்ந்தும் புள்ளி நகரவில்லை என்றால் அது ப்ரோப்பில் உள்ள பழுது.

அப்புறம், ஃப்ளோரசீனால் தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீரும் மஞ்சளாகப் போகும். ஆரம்பத்தில் இதைச் சொல்லாமல் விட்டதால், ஒரு அம்மாவின் மகன் "காமாலையா டாக்டர்?" என்று பதறி ஓடிவந்தார். இப்போது ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போதே சொல்லிவிடுகிறோம். ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டுவிட்டு, அவசர மருந்துகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகே ஊசி போடுகிறோம்.