மதுரைத் திட்டமா, தமிழிணையம் மின்னூலகமா?

பழைய தமிழ் நூலை இணையத்தில் படிக்க இந்த இரண்டு தளங்களில் எது நல்லது என்று நாகர்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள்.

செலவு: இரண்டுமே இலவசம்.

தேடல்: 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தரும் மதுரைத் திட்டமே கைகொடுக்கும். 133 அடி வள்ளுவர் சிலைக்குப் படகேற வரிசையில் நின்றபடி ‘கடலோடா’ என்று தேடினேன். 496ஆம் குறள் உடனே வந்து நின்றது. நெடுந்தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது. கண்முன்னே படகு ஆடிக்கொண்டிருந்தது!

பழைய அச்சு: மின்னூலகம்தான். தாளை அப்படியே படமெடுத்திருப்பதால் அந்தக்கால ‘லை’, ‘னை’யின் கொம்பு, முகப்பு, விலை எல்லாம் தெரியும். தரவிறக்கம் மட்டும் கனம்.

மேற்கோளுக்கும் கைப்பேசிக்கும் முன்னது. பதிப்பு ஆய்வுக்குப் பின்னது. தேரூர்க் கவிமணியை நான் பழைய அச்சில் படிக்கவே விரும்புவேன்.