காட்டு முதலுதவிப் பயிற்சி என்று 18,500 ரூபாய் போயிற்று, நீங்களாவது ஏமாறாதீர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்கிறேன். மலையேறப் போனவர்கள் பலர் உயிரிழந்த 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு பெற்றோர் முதலில் கேட்பதே, "முதலுதவி தெரிந்தவர் கூட வருகிறாரா?" என்றுதான். அதற்காகத்தான் சாகசப் பயிற்சிகளை விற்கும் ஓர் இணையதளத்தில் 18,500 ரூபாய் கட்டினேன்.

நம்ப வைத்தது ஒரு படிவம். ரத்த வகை, ஆஸ்துமா, ஒவ்வாமை, ஆபத்தென்றால் யாருக்குச் சொல்வது என்று பணத்துக்கு முன்பே அத்தனையும் கேட்டார்கள். தொலைபேசியில் பேசிய பெண், "சார், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருக்கிறீர்களே, டாக்டரிடம் சொல்லிவிட்டேன்" என்றார். இவ்வளவு கவனமாகப் படிப்பவர்களை யார்தான் சந்தேகிப்பார்? அன்றிரவே பணத்தை அனுப்பினேன்.

பழனி மலைக் காட்டில் இரண்டு நாள் என்றார்கள். நடந்தது வத்தலக்குண்டு பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். டாக்டர் வரவே இல்லை. நெஞ்சை அழுத்திப் பழக எல்லாருக்கும் சேர்த்து ஒரே பொம்மை. ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே பட்டையைத் திரையில்தான் பார்த்தோம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறி, மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார் அந்தப் பயிற்சியாளர்! கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாது. கீறினால் ரத்தம் நிற்காது, இறுக்கிக் கட்டினால் காலே அழுகிப்போகலாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு விரைவதுதான் முறை. எழுந்து சொன்னேன். "எங்கள் அனுபவம் வேறு சார்" என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் "கணக்குப் பிரிவு விடுமுறை". பிறகு "பயிற்சியாளர்தான் பொறுப்பு, நாங்கள் இடைத்தரகர் மட்டுமே". கடைசியாக, அடுத்த பயிற்சிக்குத் தள்ளுபடிக் கூப்பன்! என் 18,500 ரூபாய்க்குக் கூப்பன்! பென்சிலினை நினைவில் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு இப்போது என் பெயரே தெரியவில்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. பயிற்றுநரின் பெயரையும் தகுதியையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பேருக்கு ஒரு பொம்மை, வெளியில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பாம்புக்கடிக்கு என்ன செய்வீர்கள் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். "கீறு, கட்டு" என்றால் வைத்துவிடுங்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன். அந்த மண்டபத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் இதைப் படித்தால் நீங்களும் பதியுங்கள்.