கருந்தோலில் நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் அளக்க எதை நம்பலாம்: மார்புப் பட்டையா, ஸ்மார்ட் வாட்சா, விரல் கிளிப்பா?

மார்புப் பட்டையை முதலில் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் மின்துடிப்பை அது எலக்ட்ரோடு வழியாக நேரடியாகப் பிடிக்கிறது. வெளிச்சமே இல்லாததால் தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதில் குறுக்கிட வழியில்லை.

ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பைப் பச்சை ஒளியால் எண்ணுகிறது. பச்சையை ரத்தம் நன்றாக உறிஞ்சும், மெலனினும் உறிஞ்சும். அதனால் கருந்தோலில் சென்சாருக்குத் திரும்பி வரும் ஒளி குறைவு. ஆனாலும் டியூக் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிறத்தால் துல்லியம் பெரிதாக மாறவில்லை. கையை அசைத்தபோதுதான் பிழை கூடியது. ஆகவே உட்கார்ந்திருக்கும்போது வாட்ச் போதும், ஓடும்போது பட்டைதான் நல்லது.

எனக்குக் கவலை தருவது விரல் கிளிப், அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டர். சிவப்பு (சுமார் 660 நானோமீட்டர்), அகச்சிவப்பு (சுமார் 940) என இரண்டு ஒளிகளை விரலுக்குள் அனுப்பி, துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் ஒப்பிட்டு ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. தோல் துடிப்பதில்லை, எனவே அதன் நிறம் கணக்கில் வரக்கூடாது. ஏட்டில் அப்படித்தான். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு வேறு கதை சொன்னது. கிளிப் 92 முதல் 96 சதவீதம் காட்டிய நேரத்தில், ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதத்தில், வெள்ளையரில் 3.6 சதவீதத்தில் மட்டும். பிழை ஆபத்தான பக்கமே சாய்கிறது: மூச்சுக்குத் திணறுபவருக்கு எண் நல்லபடியாகத் தெரியும், ஆக்சிஜன் தாமதமாகும்.

இந்தக் கிளிப்களைச் சோதித்த விதத்திலும் குறை உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2013இல் சோதனைக்குக் கேட்டது குறைந்தது வெறும் 10 பேரை. அதில் கருந்தோல் உள்ளவர்கள் குறைந்தது இரண்டு பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. 2025 ஜனவரியில் வந்த வரைவு வழிகாட்டுதல்தான் குறைந்தது 150 பேரைக் கேட்டது.

சரி, ஆக்சிஜன் பார்க்க வாட்சா, கிளிப்பா? கிளிப்தான் என் தேர்வு. விரலை ஊடுருவி மறுபக்கம் வரும் ஒளியை அது அளக்கிறது. வாட்ச் மணிக்கட்டில் பட்டுத் திரும்பும் மங்கலான ஒளியை நம்பியிருக்கிறது. ஆனால் ஒரே ஓர் எண்ணை வைத்து நிம்மதி அடையாதீர்கள். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் அளவைக் குறித்து வையுங்கள். வழக்கமாக 98 காட்டுவது 94க்கு இறங்கினால் அந்த இறக்கத்தைக் கவனியுங்கள். மூச்சு வாங்குகிறது, எண் மட்டும் சரியாக இருக்கிறது என்றால், தமனி ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.