‘மை ஃபாதர்’ சின்னது, ‘ஃபாதர்’ பெரியது: ஆங்கில உறவுச் சொற்களில் கேப்பிடல் எங்கே?

லீவ் லெட்டரில் ‘மை ஃபாதர் இஸ் அன்வெல்’ என்று எழுதும்போது ‘எஃப்’பைக் கேப்பிடலாகப் போடுபவர்கள் நம்மில் ஏராளம். அப்பாவுக்கு மரியாதை என்ற நினைப்பு. இங்கே மரியாதைக்கு வேலையில்லை. அந்தச் சொல் ஒருவரின் பெயராக நிற்கிறதா, உறவைச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

‘ஐ ஆஸ்க்டு மாம்’ என்பதில் ‘மாம்’ என்பதை எடுத்துவிட்டு மேரி என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் நிற்கிறது, எனவே கேப்பிடல். ‘ஐ ஆஸ்க்டு மை மாம்’ என்பதில் போட்டால் ‘மை மேரி’ என்று உதைக்கும், எனவே ஸ்மால். ‘மை’ மட்டுமல்ல, ஹிஸ், ஹெர், த, ‘ரவிஸ்’ என எது முன்னால் நின்றாலும் ஸ்மால்தான்.

நேரில் அழைக்கும்போது ‘தேங்க்ஸ், டாட்’ கேப்பிடல். ஆனால் ‘கம் ஹியர், சன்’ பெரும்பாலும் ஸ்மால். ஹனி, டியர் போன்ற கொஞ்சல்களும் வாக்கியத்துக்குள் ஸ்மால். ‘யெஸ், சர்’ ஸ்மால், கடிதத் தொடக்கத்து ‘டியர் சர்’ மட்டும் இரண்டுமே கேப்பிடல்.

உண்மையான இழுபறி ‘மை அங்கிள் ஜான்’ என்பதில். ‘அங்கிள் ஜான் கேம்’ என்றால் சந்தேகமில்லை, கேப்பிடல். முன்னால் ‘மை’ வந்ததும், அமெரிக்கப் பதிப்பகங்கள் பின்பற்றும் எழுத்து விதி நூலான ‘சிகாகோ மேனுவல் ஆஃப் ஸ்டைல்’ ஸ்மால் ‘யூ’ என்கிறது: அங்கிள் உறவு, ஜான் பெயர். ‘அங்கிள் ஜான்’ இரண்டும் சேர்ந்துதான் வீட்டில் அவர் பெயர் என்பவர்கள் ‘மை’க்குப் பிறகும் கேப்பிடல் போடுவார்கள், சொந்தக் கடிதத்தில் அது உறுத்தாது. தேர்விலும் அலுவலகத்திலும் ஸ்மாலே பத்திரம். ‘மை அங்கிள், ஜான்,’ என்று கமா வந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஸ்மால்தான்.

தமிழிலிருந்து யோசிப்பவருக்கு இன்னொரு வழுக்கல் உண்டு. நாம் யாரிடமும் ‘அப்பா பேங்க்ல இருக்காங்க’ என்போம், ‘என்’ வராது. அப்படியே ‘ஃபாதர் இஸ் இன் த பேங்க்’ என்று கேப்பிடல் போட்டு எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் வெளியாளுக்கு அது வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பது போல இருக்கும். அவருக்கு ‘மை ஃபாதர்’ என்றே எழுதுங்கள், ‘எஃப்’ சின்னதாக.

மீனா அக்கா? நம் உறவுச் சொல் பெயருக்குப் பின்னால் வருகிறது. இரண்டும் சேர்ந்தே அழைக்கும் பெயர் என்பதால், ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘எம்’, ‘ஏ’ இரண்டும் கேப்பிடல். ‘மை அக்கா’ என்றால் ‘ஏ’ மறுபடியும் ஸ்மால்.